4 ஏக்கர் காணிக்கு எந்த ரக்டர்? "மசி எடு" எண்டவைக்கும் "லோடரோட எடு" எண்டவைக்கும்

எங்கட பக்கம் ரக்டர் எண்டா அது ஒரு தொழில். காலபோகத்துக்கு ஊராற்ற வயலை உழுது குடுக்கிறது, மணல் கிரவல் ஏத்துறது, வெட்டின நெல்லை இழுக்கிறது, வாற காசில லீசிங் கட்டுறது. அதால நான் காணிக்கு ஒரு சின்ன ரக்டர் பாக்கிறன் எண்டு வாய் திறந்த உடன எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "ஹயர் ஓடப் போறியோ?" இல்லை எண்டா ஒரு மாதிரிப் பாக்கினம், பிறகு புத்திமதி துவங்கும். ஊரில இருக்கிறவை "மசி எடு தம்பி, கண்ணை மூடிக்கொண்டு எடு, நாளைக்கு வித்தாலும் விலை போகும்" எண்டுகினம், மசி எண்டா மசி ஃபேர்கசன், ஊரெல்லாம் ஓடுற பெரிய ரக்டர். கனடாவில இருக்கிற மச்சான் வட்சப்பில ஒரேஞ் கலர் குபோட்டாவா அனுப்பித் தள்ளுறான், முன்னுக்கு அள்ளுற பக்கெட் (அதுதான் லோடர்), பின்னுக்கு மண் தோண்டுற கை (பெக்கோ), அங்க பனி அள்ளுறதுக்கே ஆக்கள் வீட்டு வளவுக்குள்ள வச்சிருக்கினமாம்.

ரெண்டு பகுதி சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டு பகுதியும் ரக்டரில இருந்துதான் கதையைத் துவங்குது. காணி பராமரிக்க எண்டு எடுக்கிறவன் பின்னுக்குக் கொழுவுற சாமானில இருந்து துவங்க வேணும், ரக்டர் கடைசியாத்தான் வர வேணும், இதுதான் என்ர கதை. எந்தச் சாமானை வருசம் முழுக்கப் பாவிப்பமோ அதை வாங்கிறது, வருசத்துக்கு ஒருக்கா ரெண்டுதரம் தேவைப்படுறதை ஊரில ஹயருக்குப் பிடிக்கிறது. ஊர் நிறைய மசி நிக்குது, அதை நானும் ஒண்டு வாங்கி நிப்பாட்டி என்ன செய்யிறது?

எங்கட காணி முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டானுக்கு அங்கால, 4 ஏக்கர். முன்பக்கம் ரெண்டரை ஏக்கர் தென்னை, கிணத்தடியில மா, அதுக்குப் பக்கத்தில கச்சான், உழுந்து போடுற ஒரு சின்னத் துண்டு, பின்னுக்குக் கிடக்கிறது இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில பத்தை பிடிச்சு இன்னும் முழுசா வெளியாக்காத பகுதி. வயல் இல்லை. அப்பாவும் நானும் திண்ணையில இருந்து ஒரு வருசத்தில உண்மையா என்ன வேலைதான் நடக்குது எண்டு யோசிச்சுப் பாத்தம். உழவு வருசத்துக்கு ஒருக்கா, அதுவும் அந்தச் சின்னத் துண்டு. மற்றதெல்லாம் புல்லு. மாரி மழை விட்டு தை பிறக்கேக்க இலுக்கும் கினியாப் புல்லும் இடுப்பளவுக்கு நிக்கும், வெட்டி முடிச்சு மூச்சு விட சித்திரை மழை ஒண்டு பெய்யும், திரும்ப முளைக்கும். புல்லுக்கு அடுத்தது இழுக்கிறது: தேங்காய், ஓலை, மட்டை, எரு, விறகு, தண்ணி. அதுக்கு அடுத்தது கேற்றில இருந்து வீடு வரைக்கும் இருக்கிற கிரவல் பாதை, அது ஒவ்வொரு மாரியிலயும் வாய்க்காலா மாறுது. வேலை இவ்வளவுதான். இதில எங்க மசி மாதிரி 45 குதிரை வலு தேவைப்படுது?

அப்ப முதல் சாமான் ஸ்லாஷர். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், ஒரு இரும்புப் பெட்டிக்கு மேல கியர்பொக்ஸ், அடியில சுத்துற தட்டு, தட்டில ரெண்டு கத்தி ஆடக்கூடிய மாதிரிப் பூட்டியிருக்கும், குத்தி கித்தியில அடிபட்டாக் கத்தி பின்னுக்கு மடங்கிப் போகும். புல்லை மட்டுமில்லை, கைவிரல் தடிப்பில நிக்கிற பத்தையையும் சப்பித் துப்பும்.

இஞ்ச ஒரு சண்டை இருக்கு. எங்கட ஊரில கனபேர் தென்னைக்குள்ள புல்லு வந்தா ஒன்பது கொழுக் கலப்பையைப் போட்டு இழுத்து விடுறது, பாக்க வடிவாத்தான் இருக்கும். ஆனா தென்னைக்கு ஆணிவேர் எண்டு ஒண்டு இல்லை, மரத்தைச் சுத்தி ஆறடி ஏழடிக்குள்ள மேல்மண்ணிலதான் சாப்பாடு எடுக்கிற வேர் கனக்கக் கிடக்குது, அதுக்குள்ள வருசா வருசம் கலப்பை ஓடினா வேர் அறுபட்டுக்கொண்டே இருக்கும். அதைவிட மழைக்குப் பிறகு வெறும் மண்ணில வெயில் படுது, ஈரம் போகுது. வெட்டின புல்லை அப்பிடியே மரத்தடியில போட்டு மேல பொச்சுமட்டையையும் கவிட்டு அடுக்கி விட்டா ஆவணி வெயிலுக்குத் தெரியும் வித்தியாசம். 26 அடிக்கு 26 அடி வச்ச தோட்டம், ஏக்கருக்கு 64 மரம், நடுவில தாராளமா இடம் இருக்கு, பெரிய ரக்டரும் போகும்தான், போகாது எண்டு நான் சொல்லேல்லை. ஆனா இடையில வச்ச இளங்கண்டுகளின்ர ஓலை நிலத்தில படுக்குது, மாவுக்குக் கீழ கொப்பு தலையில இடிக்குது, கிணத்தடியில பைப் ஓடுது. அங்க எல்லாம் திரும்பி வளைஞ்சு போக ஒரு தொன் பாரத்துக்குள்ள நிக்கிற சின்னன்தான் சரி. ரெண்டு தொன் மசி ஈர மண்ணில ஒரே தடத்தில போய்ப் போய் வந்தா அந்தத் தடம் இறுகிக் கல்லாகிடும், பேந்து அங்க தண்ணி இறங்காது.

இனி கணக்கு. ஸ்லாஷருக்குப் பொதுவா ஒரு அடி அகலத்துக்கு 5 குதிரை எண்டு பாப்பினம், அதுவும் எஞ்சின் குதிரை இல்லை, பின்னால கொழுவின சாமானைச் சுத்துற தண்டில (சாவ்ற், அதைத்தான் பிடிஓ எண்டுறது) வாற குதிரை. எஞ்சினில 24 எண்டு எழுதியிருந்தா பிடிஓவுக்கு வந்து சேரேக்க 20 சொச்சம்தான் இருக்கும். அப்ப 4 அடி ஸ்லாஷர். சாமான்ர அகலம் பின் சில்லு ரெண்டையும் மூட வேணும், இல்லாட்டி சில்லு படுத்திவிட்ட புல்லு வெட்டுப்படாமல் கிடந்து ரெண்டு நாளால திரும்ப எழும்பும், சின்ன ரக்டருக்கு 4 அடி சரியா மூடும், அதே 4 அடியை மசியில கொழுவினா ரெண்டு பக்கமும் சில்லு வெளியில நிக்கும். நாலு அடியில நடை வேகத்தில ஓடினா மணித்தியாலத்துக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய வெட்டலாம். எங்கட தென்னை முழுக்க ஒரு காலமைப் பொழுது. இதையே தோளில கொழுவுற புல்லு வெட்டுற மெசினால ஆள் பிடிச்சு வெட்டுவிச்சா எத்தினை நாள், எவ்வளவு கூலி எண்டு காணி வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஆள் பிடிக்கிறதே பெரிய பாடு.

பிடிஓ எண்டு சொன்னன், அதில ஒரு விசயம் கட்டாயம் பாக்க வேணும். பழைய சின்ன ரக்டர் கனத்தில கிளச்சை மிதிச்சா சில்லுக்குப் போற ஓட்டமும் பிடிஓவும் ரெண்டும் ஒண்டா விடும், ஏனெண்டா பிடிஓ கியர்பொக்ஸுக்குப் பின்னால இருந்து வருது. கலப்பைக்கு இது பிரச்சினையே இல்லை. ஸ்லாஷருக்குப் பெரிய பிரச்சினை. கீழ சுத்துற தட்டு பாரமான சாமான், நீங்கள் கிளச்சை மிதிச்சாலும் அது தன்ர பாட்டில சுத்தி, அந்தச் சுத்து திரும்ப கியர்பொக்ஸுக்குள்ள போய் ரக்டரை முன்னுக்குத் தள்ளும். கிணத்துக் கட்டுக்கு முன்னால நிப்பாட்டப் பாத்து கிளச்சை மிதிக்கிறீங்கள், ரக்டர் நிக்குதில்லை, நினைச்சுப் பாருங்கோ. ரெண்டு கட்டமா மிதிபடுற கிளச் இருந்தால், இல்லாட்டிப் பிடிஓவுக்குத் தனிக் கிளச் இருந்தால் பயமில்லை. அதுவும் இல்லாத வண்டிதான் கிடைக்குது எண்டா பிடிஓ சாவ்ற்றில கொழுவுற ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கப்ளிங் ஒண்டு விக்கிறாங்கள், சைக்கிளின்ர பின் சில்லு மிதிக்காமல் விட்டாலும் ஓடுமே, அதே வேலைதான். 1 3/8 இஞ்சி, 6 பல்லு எண்டு கேட்டு வாங்க வேணும்.

கிளிநொச்சியில எங்களுக்குத் தெரிஞ்ச கராஜ் அண்ணையிட்ட இதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்க அவர் ஒரு பால்மா ரின்னைக் கொண்டந்து மேசையில கொட்டினார். எல்லாம் உடைஞ்ச போல்ட். ரெண்டு துண்டா வெட்டுப்பட்டது, பாதி நெளிஞ்சது, தலை மட்டும் இருக்கிறது. "இது எல்லாம் ஸ்லாஷர், ரொட்டரியின்ர சாவ்ற் போல்ட் தம்பி. இது உடையத்தான் செய்தது. இது உடையாட்டி உள்ள பல்லு உடையும்." ரொட்டரி எண்டா மண்ணைச் சுத்திக் கொத்துற சாமான். பிறகு ஒண்டைத் தனியா எடுத்து என்ர கையில வச்சார். மினுக்கம் குறையாத போல்ட், தலையில 10.9 எண்டு அடிச்சிருக்கு, ஒரு கீறல் இல்லை. "இது உடையேல்லை. அந்தாளுக்கு முழு கியர்பொக்ஸ் போச்சு." போல்ட் அடிக்கடி உடையுது எண்ட ஆத்திரத்தில ஆரோ கடையில நல்ல பலமான போல்ட்டா வாங்கிப் போட்டிருக்கு. கம்பனி சொன்ன பலம் குறைஞ்ச போல்ட்டை ஒரு கைபிடி வாங்கி இருக்கைக்குக் கீழ போட்டு வச்சா முடிஞ்சுது, அதை விட்டிட்டு...

எங்கட மண்ணில அது உடையும், அடிக்கடி உடையும். மற்ற ஊரில ஸ்லாஷருக்குக் கல்லும் குத்தியும்தான் எதிரி, இஞ்ச முள்ளுக்கம்பி, தகரம், பங்கர் மூடின தண்டவாளத் துண்டு, செல் சிதறல் எண்டு நிலத்துக்குள்ள ஒரு இரும்புக்கடை கிடக்குது. முள்ளுக்கம்பிதான் மோசம். அது தட்டுக்கு மேல சாவ்ற்றில சுத்திச் சுத்தி ஒயில் சீலைத் திண்டிடும், ஒயில் வடிஞ்சு போனது தெரியாமல் ஓடினா கியர்பொக்ஸ் போச்சு. அதால பத்தைக்குள்ள விடுறதுக்கு முதல் கத்தியோட நடந்து பாக்கிற வேலை தவிர்க்கவே ஏலாது. அதை விட முக்கியமானது ஒண்டு. இவ்வளவு காலமா ஒருத்தரும் கை வைக்காத பத்தைத் துண்டு எண்டா, ரக்டரை விடுறதுக்கு முதல் அந்தக் காணி மிதிவெடி எடுத்து ஒப்படைச்ச காணிதானோ எண்டு கிராம சேவையாளரிட்டக் கேட்டு உறுதிப்படுத்துங்கோ. முகமாலைப் பக்கம் எத்தினை வருசம் அந்த வேலை நடந்தது எண்டு ஏ9 ஆல போய் வந்த எல்லாருக்கும் தெரியும். எங்கட காணி துப்புரவாக்கித் தந்த காணிதான், எண்டாலும் துருப்பிடிச்ச ஏதும் கண்டா அப்பா தொட விடமாட்டார், தடி நட்டு அடையாளம் வச்சிட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில சொல்லுறதுதான்.

லோடர் கதைக்கு வருவம், மச்சான் விடமாட்டான். முன் பக்கெட் இருந்தா எரு அள்ளலாம், கிரவல் பரவலாம், உண்மைதான். ஆனா இந்த அளவு ரக்டரின்ர லோடர் தூக்கிறது சில நூறு கிலோதான், அதைத் தூக்கேக்க பின்னுக்குப் பாரம் கொழுவாட்டி பின் சில்லு பிடி விட்டிடும், முன் அச்சில முழுப் பாரமும் விழுந்து புஷ் எல்லாம் தேயும். அதுக்குக் குடுக்கிற காசுக்கு ஊரில ஒரு பெக்கோவை மணித்தியாலக் கணக்கில எத்தினையோ தரம் பிடிக்கலாம். பின் பத்தையில நிக்கிற வீரை, பாலை வேரைக் கிளப்புறதெண்டா அது பெக்கோவின்ர வேலை. கனடாவில ஆள் கூலி, மெசின் ஹயர் எல்லாம் நெருப்பு விலை, அங்க சொந்தமா வச்சிருக்கிறதில கணக்கு இருக்கு. இஞ்ச இல்லை. நான் பாக்கிறது பிறகு விரும்பினாப் பூட்டக்கூடிய 4 சில்லும் இழுக்கிற வண்டியா இருக்கட்டும் எண்டு மட்டும்தான், மாரியில சேத்துக்குள்ள எப்பிடியும் அது வேணும்.

வேர் எண்ட உடன ஞாபகம் வந்தது. சங்கிலி போட்டுக் குத்தி இழுக்கிறதெண்டா கீழ இருக்கிற இழுவைக் கொக்கியில மட்டும் போடுங்கோ. மேல் கை (ரொப் லிங்க்) பூட்டுற இடத்தில போட்டு இழுத்தா முன் சில்லு எழும்பி ரக்டர் பின்னால கவிண்டு ஓடுறவனுக்கு மேல விழும், குதிக்க நேரம் இராது. கவிண்டா ஆளைக் காப்பாத்த எண்டு தலைக்கு மேல வளைஞ்சு நிக்கிற இரும்புச் சட்டத்தைக் கொப்பு இடிக்குது எண்டு கழட்டி வீட்டுக்குப் பின்னால போட்டிருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். மடிக்கக்கூடியதா வாங்கினா மாவுக்குக் கீழ மடிச்சு வெளியில வந்து நிமித்தலாம்.

பின்னால கொழுவி இழுக்கிற பெட்டி விசயத்தில ஊர்ப் பழக்கத்தை விட வேணும். மசிக்குப் பின்னால ஒரு கியூப் மணல் ஏத்திக்கொண்டு போறதைப் பாத்துப் பழகிட்டம், ஒரு கியூப் எண்டா 100 கன அடி, நாலு தொன்னுக்கு மேல. ஒரு தொன் ரக்டர் அதை மட்டமான றோட்டில ஒருவேளை இழுக்கும், ஆனா நிப்பாட்டாது. குளக்கட்டால இறங்கேக்க பெட்டி பின்னுக்கு நிண்டு தள்ளினா பிறேக் என்ன செய்யும். எங்களுக்குத் தேவை தேங்காயும் ஓலையும் ஒரு சின்னத் தண்ணித் தாங்கியும் ஏத்த ஒரு குட்டிப் பெட்டி, லான்ட்மாஸ்டர் (பின்னால நடந்து ஓட்டுற ரெண்டு சில்லு ரக்டர்) பெட்டியின்ர அளவில. மணல் வேணுமெண்டா மசிக்காரனைக் கூப்பிடுறது.

பாதைக்குப் பின் பிளேட் ஒண்டு. சரிச்சு வச்சு ரெண்டு பக்கக் கரையில இருந்து நடுவுக்கு மண்ணை ஏத்தி, நடு உயரமா, தண்ணி பக்கத்தால ஓடுற மாதிரி விட்டா மாரிக்குத் தாங்கும், விலையும் பெரிசில்லை, ஊர்ப் பட்டறையில அடிச்சுத் தருவினம். ரொட்டரி எனக்கு வேண்டாம், தென்னைக்குள்ள விட்டா பன்னாடை முழுக்கச் சாவ்ற்றில சுத்தும், கச்சான் துண்டுக்கு ஹயர் காணும்.

லான்ட்மாஸ்டர் காணாதோ எண்டு கேப்பீங்கள். ரெண்டு ஏக்கருக்குள்ள எண்டா காணும், உண்மையாச் சொல்லுறன், பேசாமல் அதையும் ஒரு புல்லு வெட்டுற மெசினையும் வாங்கிட்டுக் காசை மிச்சம் பிடியுங்கோ. விலை குறைவு, எந்தச் சந்தியிலயும் திருத்துவினம், 2022 இல கியூஆர் காட்டி டீசலுக்கு வரிசையில நிண்ட காலத்தில அது குடிச்ச கொஞ்ச டீசலாலதான் கன வீட்டில தோட்டம் நடந்தது. ஆனா அப்பாவுக்கு அறுவதைத் தாண்டிட்டுது, கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நடந்து அது உதறுற உதறலுக்கு அவரின்ர தோள் தாங்காது, அது ஸ்லாஷர் ஓட்டுற வண்டியும் இல்லை.

அப்ப 24 இல இருந்து 27 குதிரை, 4 சில்லு இழுவை, ஒரு தொன் அளவு. தமிழ்நாட்டு யூடியூப்காரர் திராட்சைத் தோட்டத்துக்குள்ள ஓடிக் காட்டுற மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 எல்லாம் இந்த அளவுதான், ரெண்டும் 24 குதிரை. புதுசா எடுக்க வசதியில்லாட்டி ஜப்பானில பாவிச்சு வந்த குபோட்டா, யன்மார், இசெக்கி. நான் பாக்கிறது அதுதான். வவுனியாவில ஒரு யாட்டில ஒண்டு நிண்டது, போன உடன ஓனர் சாவியைத் திருப்பப் போக, பொறுங்கோ அண்ணை எண்டு கராஜ் அண்ணை முதல் பொனெற்றில கை வச்சார். சூடு. "காலமையே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கிறியள் என்ன?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டார், பிறகு நாங்கள் போய் ரீ குடிச்சிட்டு நல்லா ஆறின பிறகு வந்துதான் ஸ்டார்ட் பண்ணினது. குளிர் எஞ்சின் எப்பிடிப் பிடிக்குது, புகை நீலமா வெள்ளையா, எவ்வளவு நேரம் நிக்குது எண்டதிலதான் எஞ்சின்ர வயசு இருக்கு, மணிக்கூட்டு மீற்றரில இல்லை, அதை மாத்துறது பெரிய வேலையே இல்லை.

பிறகு பின்னுக்கு நிண்ட ரொட்டரியைத் தூக்கி வச்சிட்டு எஞ்சினை நிப்பாட்டச் சொன்னார், நாங்கள் கதைச்சுக்கொண்டு நிக்க அது மெள்ள மெள்ள இறங்கிச்சுது, கெதியா இறங்கினா ஹைட்ரோலிக் சீல் போச்சு, இது பரவாயில்லை எண்டார். ஒயில் குச்சியை இழுத்தா எஞ்சின் ஒயில் கறுப்பு, சரி, கியர்பொக்ஸ் ஒயில் கொஞ்சம் பால் கலந்த நிறம், ஜப்பானிலயும் வயலுக்குள்ளதான் நிண்டிருக்கும், தண்ணி போயிருக்கு. முன் சில்லைப் பிடிச்சு ஆட்டினார், ஆடினது. அவர் ஒண்டும் சொல்லேல்லை, என்னைப் பாத்தார், அவ்வளவுதான்.

ஜப்பான் வண்டியில இன்னும் ரெண்டு விசயம். பிடிஓ வேகம் ரெண்டு மூண்டு கியரில வரும், ஸ்லாஷருக்கு வேண்டியது 540, முதல் நம்பர்தான் அதுக்குக் கிட்ட, மேல போட்டா ஸ்லாஷர் பறக்கும். மற்றது பின்னுக்கு இருக்கிற மூண்டு கைக்கும் அவையின்ர ரொட்டரிக்கெண்டு தனியா ஒரு சட்டம் பூட்டியிருப்பினம், அதைக் கழட்டினா கீழ்க் கை ரெண்டிலயும் சாதாரண 22 மில்லிமீற்றர் பின் போகுதோ எண்டு கையோட கொண்டுபோய்ப் போட்டுப் பாக்க வேணும், போகாட்டி ஊர்ச் சாமான் ஒண்டையும் கொழுவ ஏலாது, பக்கத்து வீட்டு மாமாவிட்ட ஒரு பிளேட்டை இரவல் வாங்கவும் ஏலாது. ஃபில்டர், கிளச் தட்டு, முன் அச்சுச் சீல் வவுனியாவிலயோ கிளிநொச்சியிலயோ எடுக்கலாமோ எண்டு அந்த மொடல் நம்பரை எழுதிக்கொண்டு போய்க் கடையில கேட்டிட்டுத்தான் விலை பேச வேணும். ஊரெல்லாம் மசி எடு எண்டு சொல்லுறதில இருக்கிற உண்மையான நியாயம் இதுதான், மசிக்கு ஒட்டுசுட்டான் சந்தியிலயே சாமான் கிடக்கும்.

இப்ப இன்னொண்டு பாத்து வச்சிருக்கு, 3 சிலிண்டர், பிடிஓவுக்குத் தனிக் கிளச், கியர்பொக்ஸ் ஒயில் தெளிவு, ரயர் மட்டும் வெடிச்சிருக்கு. விக்கிறவர் ரொட்டரியோடதான் தருவன் எண்டு நிக்கிறார், நான் ரொட்டரியை வச்சுக்கொண்டு அந்தக் காசைக் கழியுங்கோ எண்டு நிக்கிறன், அந்தக் காசுக்கு 4 அடி ஸ்லாஷர் பாதி வந்திடும். அப்பா இதுக்குள்ள ரக்டர் லைசன்சைத் தேடி எடுத்துத் துடைச்சு வச்சிட்டார். ஐப்பசி மழைக்கு முதல் முடிச்சா அந்தப் பாதையையாவது இந்த மாரிக்கு ஒருக்கா இழுத்து விடலாம்.